அரைப்புள்ளிக்கு இருபுறமும்

சென்னையிலும் புதுச்சேரியிலும் அடுத்தவர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திச் சம்பாதிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ வெளியாகும் மருத்துவ இதழோ பொறியியல் பாடநூலோ அச்சுக்குப் போகும் வழியில் தரமணியிலோ பெருங்குடியிலோ ஒரு கணினித் திரையைக் கடந்துதான் போயிருக்கும் என்று தாராளமாகப் பந்தயம் கட்டலாம். அப்படி ஒரு திரைக்கு முன்னால்தான் என் தொழில். காப்பி எடிட்டர் என்று பெயர். எழுத்துப்பிழை பார்ப்பது, அட்டவணையில் இருக்கும் எண்ணும் உரையில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, மேற்கோள் பட்டியலைச் சீர்செய்வது, புரியாத இடத்தில் ஆசிரியருக்குக் கேள்வி எழுதி அனுப்புவது எல்லாம் இதில் அடக்கம். எனக்கு வருவது பெரும்பாலும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள். நடுவில் சில வருடங்கள் சட்ட நூல்களும் பார்த்தேன்.

இத்தனை வேலையிலும் என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது அரைப்புள்ளிதான். எழுத்துப்பிழைக்கு அகராதி இருக்கிறது. மேற்கோள் பட்டியலுக்குப் பதிப்பகத்தின் நடைக் கையேடு இருக்கிறது. இந்த இடத்தில் அரைப்புள்ளி சரியா என்று கேட்டால் கையேடு பாதி வழிதான் கூட வரும். மீதி வழிக்கு அந்த வாக்கியம் எதை வாதிடுகிறது என்று புரிந்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அரைப்புள்ளி என்றால் என்ன என்று கேட்பேன். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை நிறுத்து, அரைப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை நிறுத்து என்று பள்ளியில் கேட்டதைச் சொல்வார்கள். அது அவர்கள் ஆசிரியர் கண்டுபிடித்த கணக்கு இல்லை. 1795ல் வெளியான லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கண நூலிலேயே இருக்கிறது: காற்புள்ளியின் இரட்டிப்பு அரைப்புள்ளி, அதன் இரட்டிப்பு முக்காற்புள்ளி, அதன் இரட்டிப்பு முற்றுப்புள்ளி. சபையில் உரக்கப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவியிருக்கும். சிறுநீரகக் கட்டுரையை யாரும் உரக்கப் படிப்பதில்லை. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தால், மூச்சு வாங்கும் இடமெல்லாம் அரைப்புள்ளி விழும். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் மாத்திரைக் கணக்கை மறக்கச் சொல்கிறேன். அரைப்புள்ளியின் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கக்கூடிய முழு வாக்கியங்களா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு வீடுகள் மாதிரி அவை. சுவர் பொதுவாக இருக்கலாம். வாசல் இரண்டுக்கும் தனியாக வேண்டும்.

சோதிப்பது எளிது. திரையில் அரைப்புள்ளிக்கு வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடப்பக்கத்தைப் படிக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மறைத்துவிட்டு வலப்பக்கத்தை. ஆல்தோ, பிகாஸ், விச் போன்ற சொற்களில் தொடங்கும் துண்டு ஒரு பக்கம் மாட்டிக்கொண்டிருந்தால் உடனே தெரிந்துவிடும். அந்தத் துண்டு தனியாக நிற்காது. அங்கே காற்புள்ளி போதும். இரண்டு பக்கமும் நின்றால், அடுத்தது இரண்டுக்கும் உறவு இருக்கிறதா என்ற கேள்வி. உறவே இல்லாத இரண்டு வாக்கியங்கள் என்றால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

இந்தச் சோதனையில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காரணம் அவர்களுடைய தமிழ்ப் பாடம் நன்றாக மனதில் பதிந்திருப்பதுதான். ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெற்று வந்தால் அரைப்புள்ளி இட வேண்டும் என்று தமிழ் இலக்கணப் பாடத்தில் படித்திருக்கிறோம். ‘மருத்துவர் வந்தார்; நோயாளியைப் பார்த்தார்; மருந்தை மாற்றினார்.’ தமிழில் இது ஒழுங்கான வாக்கியம். இதையே ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘த டாக்டர் கேம்; சா த பேஷன்ட்; சேஞ்ச்ட் த மெடிசின்’ என்று கை தானாகப் போகிறது. ஆங்கிலத்தில் அது பிழை. ஒரே எழுவாய், மூன்று வினை. நடுவில் வர வேண்டியது காற்புள்ளி, கடைசி வினைக்கு முன்னால் ஓர் ‘அண்ட்’.

இரண்டு மொழியும் ஏன் இப்படி எதிரெதிராகப் போகின்றன என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதன்பின் தவறுவதில்லை. தமிழ் வினைமுற்று தன் எழுவாயைத் தன் விகுதியிலேயே வைத்திருக்கிறது. ‘பார்த்தார்’ என்றாலே போதும். பார்த்தது ஒருவர், அவர் படர்க்கை, மரியாதைக்குரியவர் என்பதெல்லாம் உள்ளே இருக்கிறது. அது தனியாக நிற்கும் வாக்கியம். ஆங்கிலத்தில் ‘சா’ என்பது யார் பார்த்தது என்று எதையும் சொல்லாத வெறும் வினை. மறைத்துப் படித்தால் ‘சா த பேஷன்ட்’ அந்தரத்தில் தொங்கும். ஆக, அரைப்புள்ளிக்கு இரண்டு பக்கமும் முழு வாக்கியம் வேண்டும் என்பது இரண்டு மொழிக்கும் பொதுதான். எது முழு வாக்கியம் என்பதில்தான் வேறுபாடு.

இதன் மறுபக்கமும் உண்டு. ‘மழை பெய்தது, ஏரி நிரம்பியது’ என்று தமிழில் காற்புள்ளி வைத்தே எழுதுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டுவதைக் காமா ஸ்ப்ளைஸ் என்பார்கள். எங்கள் வேலையில் தினமும் அகப்படும் பிழை அது. இந்தியர்கள்தான் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் ஆய்வாளர்கள் செய்கிறார்கள், பிரேசிலிலிருந்து வரும் கட்டுரைகளில் இருக்கிறது, பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுகிற பேராசிரியர்களும் ‘ஹவெவர்’ வந்தால் தவறாமல் வழுக்குகிறார்கள்.

அந்த ‘ஹவெவர்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரைப்புள்ளி எந்தப் பக்கம் விழுகிறது என்பதால் ஒரு கட்டுரையின் மதிப்பீடே தலைகீழாக மாறுவதை அங்கேதான் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரு மருந்து நன்றாக வேலை செய்ததாக முந்தைய ஆய்வு ஒன்று சொன்னது என்று கட்டுரையாளர் எழுதுகிறார். அடுத்த வாக்கியம்: ‘த பேஷன்ட்ஸ் வேர் ஃப்யூ, ஹவெவர், த டோசஸ் வேர் ஹை.’ நோயாளிகள் சிலரே, ஆனாலும், மருந்தளவு அதிகம். இரண்டு பக்கமும் காற்புள்ளி, ‘ஹவெவர்’ நடுவில். எந்த வாக்கியத்தைச் சேர்ந்தது அது?

பயிற்சிக்கு வந்த ஒருவர் இந்த மாதிரி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். “மேடம், ஹவெவருக்கு முன்னாடி செமிகோலன், பின்னாடி கமா. ரூல் அதுதானே? போட்டுட்டேன்.”

“போட்டா என்ன அர்த்தம் வருது, சொல்லு.”

“நோயாளி கம்மி, ஆனா டோஸ் அதிகம்.”

“அப்போ டோஸ் அதிகமா இருந்தது நல்ல விஷயமா, கெட்ட விஷயமா?”

அவர் யோசித்தார். “நல்லதுன்னு வருது மேடம். ஆளு கம்மியா இருந்தாலும் டோஸ் பலமா இருந்ததால ரிசல்ட்டை நம்பலாம்ங்கிற மாதிரி.”

“இப்போ செமிகோலனை ஹவெவருக்குப் பின்னாடி தள்ளு.”

தள்ளினார். ‘த பேஷன்ட்ஸ் வேர் ஃப்யூ, ஹவெவர்; த டோசஸ் வேர் ஹை.’ இப்போது ‘ஹவெவர்’ முந்தைய ஆய்வின் பெருமையை மறுக்கிறது. நோயாளிகள் குறைவு என்பது ஒரு குறை. மருந்தளவு அதிகம் என்பது இரண்டாவது குறை. முதல் வடிவத்தில் பலமாக இருந்தது இரண்டாவது வடிவத்தில் பலவீனமாகிவிட்டது. சொல் ஒன்றுகூட மாறவில்லை. இலக்கணப்படி இரண்டும் சரி.

கையேட்டில் இருப்பது முதல் வடிவம்தான், அதுதான் அதிகம் வரும். அதற்காக அதையே போட்டுவிட முடியாது. அந்தக் கட்டுரையின் பின்பகுதியைப் படித்துப் பார்த்தோம். அதிக அளவு கொடுத்ததால் வந்த பக்கவிளைவுகளைக் கட்டுரையாளர் அங்கே கண்டித்திருந்தார். அரைப்புள்ளி ‘ஹவெவர்’க்குப் பின்னால் போனது, கூடவே ஆசிரியருக்கு ஒரு கேள்வியும் போனது, இப்படித்தானே சொல்ல வந்தீர்கள் என்று. ஆம் என்று பதில் வந்தது. நான்கு பக்கம் தள்ளிப் போய்ப் படிக்காமல் அந்த ஒரு குறியை வைத்திருக்க முடியாது.

எது சரி என்று தெரிந்த பிறகும் அரைப்புள்ளியைத் தொடாமல் விட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. என் தொழிலில் இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்வேன். ‘த டோஸ் வாஸ் இன்க்ரீஸ்ட்; த ஃபீவர் சப்சைடட்.’ மருந்தளவு கூட்டப்பட்டது; காய்ச்சல் தணிந்தது. ஒற்றை நோயாளியைப் பற்றிய ஒரு குறிப்பில் இப்படி வந்தது. துறுதுறுப்பான ஓர் எடிட்டர் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு, ‘அண்ட் ஸோ’ என்று சேர்த்திருந்தார். மருந்தளவு கூட்டப்பட்டது, அதனால் காய்ச்சல் தணிந்தது. படிக்க வழவழவென்று இருந்தது. நான் அதைப் பழையபடி மாற்றிவிட்டுக் கட்டுரையாளரிடம் கேட்டேன். முந்தைய நாள் மாலையில் வேறொரு ஆன்டிபயாட்டிக்கும் தொடங்கியிருந்தோம், எதனால் காய்ச்சல் இறங்கியது என்று எங்களால் சொல்ல முடியாது, அதனால்தான் அப்படி எழுதினோம் என்று விளக்கம் வந்தது.

இரண்டு நிகழ்வுகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன, அவற்றுக்குள் ஏதோ தொடர்பு இருக்கலாம், அது என்ன என்று நான் உறுதி கூறவில்லை: இவ்வளவையும் அந்த அரைப்புள்ளி சொல்லிக்கொண்டிருந்தது. முற்றுப்புள்ளி வைத்தால் தொடர்பு போய்விடும். ‘பிகாஸ்’ வைத்தால் காரணம் வந்துவிடும். ‘ஆஃப்டர்’ வைத்தால் கால வரிசை மட்டும் மிஞ்சும்; அதையும் காரணமாகவே பலர் படிப்பார்கள். மருத்துவக் கட்டுரையில் காரணம் என்பது நிரூபிக்க வேண்டிய பொருள். நிரூபிக்காத காரணத்தை வாக்கிய அழகுக்காக நுழைப்பது ஆய்வையே திருத்துவதாகும். அந்த அதிகாரம் எங்களுக்குக் கிடையாது.

இதையே சாக்காக வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய உறவைச் சொல்லாமல் அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒதுங்குகிறவர்களும் உண்டு. முடிவுரையில் ஆறேழு வாக்கியங்களை வரிசையாக அரைப்புள்ளி போட்டுக் கோத்துவிட்டு, எது எதற்குக் காரணம், எது எதற்கு விதிவிலக்கு என்று வாசகரையே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அங்கே நான் விடமாட்டேன். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கேள்வி அனுப்புவேன்: காரணமா, முரணா, எடுத்துக்காட்டா? பாதிக்கு மேல் முற்றுப்புள்ளியாக மாறித் திரும்பி வரும். எஞ்சிய ஒன்றிரண்டு அரைப்புள்ளிகளுக்கு அப்போதுதான் பலம் வரும்.

சட்ட நூல்கள் பார்த்த காலத்தில் இந்தக் குறியின் மேல் எனக்கு இருந்த மரியாதை பலமடங்கு கூடியது. நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணையைப் பற்றிப் படித்தவர்கள்கூட அதற்கு முன் நடந்த ஒரு சிறு திருத்தத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 1945 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் கையெழுத்திட்ட, அந்த விசாரணை நீதிமன்றத்துக்கான சாசனத்தின் 6ஆம் பிரிவு, உட்பிரிவு ‘சி’, மானுடத்துக்கு எதிரான குற்றங்களை வரையறுத்தது. முதல் பகுதி, போருக்கு முன்போ போரின்போதோ பொதுமக்களைக் கொல்வது, அடிமைப்படுத்துவது, நாடுகடத்துவது பற்றியது. இரண்டாம் பகுதி அரசியல், இன, மத அடிப்படையிலான துன்புறுத்தல் பற்றியது. இந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரும் வேறொரு குற்றத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த இரண்டாம் பகுதியின் கடைசியில் இருந்தது. ஆங்கில மூலத்திலும் பிரெஞ்சு மூலத்திலும் இரண்டு பகுதிக்கும் நடுவே அரைப்புள்ளி. ரஷ்ய மூலத்தில் காற்புள்ளி.

அரைப்புள்ளி இருந்தால், கடைசியில் வரும் நிபந்தனை துன்புறுத்தலை மட்டும் கட்டும். கொலையும் நாடுகடத்தலும் நிபந்தனையின்றித் தனியே குற்றமாக நிற்கும். காற்புள்ளி வந்தால் நிபந்தனை பின்னோக்கி ஓடி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். 1945 அக்டோபர் 6 அன்று பெர்லினில், இதற்கென்றே ஒரு தனி நெறிமுறை எழுதி, ரஷ்ய மூலமே சரி என்று ஏற்று, மற்ற இரண்டிலும் அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றினார்கள். விசாரணை நவம்பர் 20 அன்று தொடங்கியது. 1946ல் தீர்ப்பு வந்தபோது, போர் தொடங்குவதற்கு முன், அதாவது 1939 செப்டம்பர் 1க்கு முன் ஜெர்மனிக்குள் நடந்த கொடுமைகள் பயங்கரமானவை என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், போரோடு அவற்றுக்கு இருந்த தொடர்பு நிறுவப்படவில்லை என்பதால் அவற்றை மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்று பொதுவாக அறிவிக்க முடியாது என்று சொன்னது. நாடுகளின் அரசியல் கணக்கு இதற்குப் பின்னால் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு தாளில் இறங்கியது ஒரு குறியின் வழியாக. இதைத் திரையில் படித்த அன்றைக்கு, பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டு அந்த இரண்டு வடிவங்களையும் காட்டினேன். நிறுத்தக்குறிதானே என்று எங்கள் தளத்தில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மிகைநேர ஊதியம் யாருக்குக் கிடையாது என்று சொல்லும் சட்டப் பட்டியலில் ஒரு காற்புள்ளி இல்லாததால் பொருள் இரண்டுபட்டது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பால் வண்டி ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு வருடம் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. எல்லோரும் காணாமல் போன காற்புள்ளியைப் பற்றியே எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அதன் பிற்பாதி: சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது, காற்புள்ளியைச் சேர்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு வேலைக்கும் நடுவே அரைப்புள்ளி வைத்துவிட்டது. இனிச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பட்டியலைப் பிரிப்பது அரைப்புள்ளியின் இன்னொரு வேலை. இங்கே முழு வாக்கியம் என்ற விதி பொருந்தாது. பட்டியலின் உறுப்புகளுக்கு உள்ளேயே காற்புள்ளி இருந்தால், உறுப்புகளைப் பிரிக்க அதைவிடப் பெரிய குறி வேண்டும். இந்திய அரசமைப்பின் முகவுரையை ஆங்கிலத்தில் எடுத்துப் பாருங்கள். நீதி என்று ஒன்று, அதற்குள் சமூக, பொருளாதார, அரசியல் என்று மூன்று, சுதந்திரம் என்று ஒன்று, அதற்குள் சிந்தனை தொடங்கி வழிபாடு வரை ஐந்து, பிறகு சமத்துவம். உள்ளே இருப்பவற்றைக் காற்புள்ளி பிரிக்கிறது, பெரிய மூன்றையும் அரைப்புள்ளி பிரிக்கிறது. எல்லாவற்றுக்கும் காற்புள்ளியே போட்டிருந்தால், நீதியின் வகைகள் எங்கே முடிகின்றன, அடுத்த இலட்சியம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பயிற்சி வகுப்பில் இதற்கு நான் வேறு எடுத்துக்காட்டு தேடுவதில்லை.

எங்கள் அன்றாடத்தில் இந்தப் பட்டியல் வேலை மேற்கோள்களில்தான் அதிகம். அடைப்புக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுக்கும் முறையில், ஒரே ஆசிரியரின் இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே காற்புள்ளி, அடுத்த ஆசிரியர் வந்தால் அரைப்புள்ளி. அதை மாற்றிப் போட்டால் 2009ல் வந்த கட்டுரை யாருடையது என்று படிப்பவர் தடுமாறுவார். மருத்துவ இதழ்களில் வான்கூவர் முறை. 1978ல் கனடாவின் வான்கூவரில் கூடிய இதழாசிரியர்களிடமிருந்து வந்த பெயர். அதில் ஆண்டு, உடனே அரைப்புள்ளி, உடனே தொகுதி எண், அடைப்புக்குள் இதழ் எண், பிறகு முக்காற்புள்ளி, பக்க எண். அரைப்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி விடக் கூடாது. வாக்கியத்தில் இடைவெளி விட்டே ஆக வேண்டிய அதே குறி, மேற்கோளில் ஒட்டி நிற்கும். அமெரிக்க நடையில் இரட்டை மேற்கோள்குறிக்கு உள்ளே காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போகும். அரைப்புள்ளி வெளியே நிற்கும். கிரேக்க மொழியில் இந்த வடிவம் கேள்விக்குறி. கிரேக்கத் தலைப்பின் கடைசியில் அரைப்புள்ளி தெரிந்தால் கை வைக்காமல் நகர வேண்டும். இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழக்கமானவர்களையும் கவிழ்ப்பது எக்ஸ்எம்எல் கோப்புதான். இதழ்க் கட்டுரை இணையத்துக்கும் அச்சுக்கும் அந்த வடிவில்தான் போகிறது. அதில் சிறப்புக் குறிகளைச் சங்கேதமாக எழுதுவார்கள்: ஓர் ஆம்பர்சாண்ட், குறியின் பெயர், முடிவில் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளி வாசகருக்கானது இல்லை. சங்கேதம் இங்கே முடிந்தது என்று மென்பொருளுக்குச் சொல்வது. இந்த இதழுக்கு அரைப்புள்ளி பிடிக்காது, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ கொடுத்தால், சங்கேதம் அத்தனையும் உடையும். கோப்பு சரிபார்ப்பில் நிற்காது, மென்பொருள் பிழைப் பட்டியலைக் கக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிய குறி என்பது என் கட்சியும்தான்.

இதழுக்கு அரைப்புள்ளி பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, அப்படிப்பட்ட இதழ்களும் எழுத்தாளர்களும் உண்டு. கர்ட் வானகட் 2005ல் வந்த ‘எ மேன் விதவுட் எ கன்ட்ரி’ நூலில், எழுத வருகிறவர்களுக்கான முதல் விதியே அரைப்புள்ளியைத் தவிர்ப்பதுதான் என்று அறிவித்தார். அதே நூலில் பின்னால் ஓரிடத்தில் அவரே ஒன்றைப் பயன்படுத்திவிட்டு, பயன்படுத்தியதையும் சொல்லிக்காட்டினார். விதியை முன்பாதிக்காக மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குட்டி வாக்கியம் நல்ல வாக்கியம் என்ற கொள்கை செய்திக் குறிப்புக்குச் சரி. இரண்டு உண்மைகளை ஒரே பார்வையில் எடை போட வேண்டிய எழுத்துக்கு அது போதாது.

அரைப்புள்ளி தேவையில்லை என்று வாதாடும் பயிற்சி மாணவர்களுக்கு நான் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைக் கொடுக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்ன வெள்ளையின மதகுருமார்களுக்கு அவர் எழுதிய பதில் அது. அதில் ஆங்கிலத்தில் 300 சொற்களைத் தாண்டும் ஒரு வாக்கியம் இருக்கிறது. கறுப்பின மக்கள் அனுபவிக்கும் ஒவ்வொரு கொடுமையையும் ‘நீங்கள் இதைப் பார்த்திருக்கும்போது’ என்ற வாய்பாட்டில் தொடங்கி, அரைப்புள்ளி போட்டு, அடுத்ததற்குப் போகிறார். கும்பல் கொலை, காவலர்களின் அடி உதை, கேளிக்கைப் பூங்காவுக்குள் போக முடியாது என்று சிறுமகளிடம் சொல்ல முடியாமல் திணறும் தகப்பன், ராத்திரி காரிலேயே தூங்க வேண்டிய பயணம். அதுவரை முதன்மை வாக்கியம் வருவதே இல்லை. கடைசியில், எங்களால் ஏன் பொறுக்க முடியவில்லை என்று அப்போது உங்களுக்குப் புரியும் என்ற பொருளில், அது வந்து சேர்கிறது. எங்கள் மென்பொருள் இதை நீளமான வாக்கியம் என்று கோடிட்டுக் காட்டும்.

அந்த அரைப்புள்ளிகளையெல்லாம் முற்றுப்புள்ளியாக்கிப் பார் என்பேன். போன முறை வந்த பெண் பொறுமையாக ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள்.

“எதுவுமே தனியா நிக்கல மேடம். எல்லாம் ‘வென்’ல ஆரம்பிச்சு பாதியில நிக்குது.”

“காற்புள்ளி போட்டுப் பாரேன்.”

போட்டாள். ஒவ்வொரு கொடுமைக்கு உள்ளேயும் ஏற்கெனவே காற்புள்ளிகள் இருந்ததால் எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. “ஆனா மேடம், ரெண்டு பக்கமும் முழு வாக்கியம் வேணும்னு முதல் நாள் சொன்னீங்களே?”

“அது ரெண்டு வாக்கியத்தைச் சேர்க்கும்போது. இது பட்டியல். முகவுரையில பார்த்தோமே, அதே விதி.”

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, மென்பொருள் போட்ட கோட்டை நிராகரித்து, அடுத்த பக்கத்துக்குப் போனாள்.